பதினான்காம் மாடியும் பர்மாத் தேக்கும்: ஓர் ஆவணப்படத்தைச் செட்டிநாட்டிலிருந்து பார்ப்பது

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அமெரிக்க ஆவணப்படத்தைக் காரைக்குடிப் பக்கம் சிலர் இப்போது கூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். 1989இல் வெளிவந்த 'ரோஜர் அண்ட் மீ' என்ற படம் அது. ஃபிளிண்ட் என்ற கார் தொழிற்சாலை நகரம் வேலையிழந்து சரிந்த கதை. பார்த்து முடித்தவர்களிடம் கருத்துக் கேட்டால் ஒருவர் சொல்வதற்கும் அடுத்தவர் சொல்வதற்கும் ஒட்டே இல்லை. கம்பெனியின் பேராசை என்கிறார் ஒருவர். இயக்குநர் தேதிகளை மாற்றி ஏமாற்றிவிட்டார் என்கிறார் இன்னொருவர். தொழிற்சங்கம் கொழுத்ததால் வந்த வினை என்பது மூன்றாமவர் முடிவு. இவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு வரியில் சேர்ந்துகொள்கிறார்கள்: 'இது அப்படியே நம் ஊர்க் கதை.'

அந்தக் கடைசி வரிதான் அதிகம் குழப்புகிறது என்பது என் எண்ணம். அது ஏன் என்று சொல்வதற்கு முன் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

படத்தில் இருப்பது என்ன?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஃபிளிண்ட். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1908இல் அங்கேதான் பிறந்தது. 1936 டிசம்பர் கடைசியில் அந்த ஊர்த் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து 44 நாள் உள்ளிருப்பு வேலைநிறுத்தம் செய்து, சங்கத்தை நிறுவனம் ஏற்கும்படி செய்தார்கள். அதன் பிறகு இரண்டு தலைமுறைக்கு நல்ல சம்பளம், சொந்த வீடு, வீட்டு வாசலில் தாங்களே செய்த கார். 1960இல் ஊரின் மக்கள்தொகை 2 லட்சத்தைத் தொட்டுவிடும் நிலையில் இருந்தது. 1970களின் இறுதியில் அங்கே ஜெனரல் மோட்டார்ஸில் மட்டும் 80,000 பேர் வேலை பார்த்தார்கள்.

ரோஜர் ஸ்மித் 1981 முதல் 1990 வரை அந்த நிறுவனத்தின் தலைவர். 1986 நவம்பரில் 11 ஆலைகளை மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. ஏறக்குறைய 30,000 பேருக்கு வேலை போகும் என்றார்கள். ஃபிளிண்ட் பகுதியில் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தவர் படத்தின் இயக்குநர் மைக்கேல் மூர். அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்தத் தலைவரைத் தேடிப் போகிறார். 'ஒரு நாள் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்' என்று கேட்பதுதான் நோக்கம். டெட்ராய்ட் தலைமையகத்தின் 14ஆம் மாடியில் தலைவரின் அலுவலகம். மூர் அந்த மாடியை எட்டவே முடிவதில்லை. நடுநடுவே ஃபிளிண்டில் வாடகை பாக்கி வைத்தவர்களின் கட்டிலும் மெத்தையும் தெருவுக்கு வருகின்றன. ஓர் இடத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அதே காரியம் நடக்க, ரோஜர் ஸ்மித்தின் கிறிஸ்துமஸ் உரை பின்னணியில் ஓடுகிறது.

முதலில் நான்கு சொற்கள்

கருத்துகள் முட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம், ஒரே சொல்லை ஆளுக்கொரு பொருளில் பேசுவது.

1. லே-ஆஃப். இந்தியத் தொழிலாளர் சட்டத்தில் இது தற்காலிகம். மூலப்பொருள் இல்லை, மின்சாரம் இல்லை என்றால் தொழிலாளியைச் சில நாள் வீட்டுக்கு அனுப்புவது. உரிய தகுதி இருந்தால் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தர வேண்டும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் இதே சொல் பெரும்பாலும் வேலை போய்விட்டது என்றே பொருள்படும். படத்தில் இந்தச் சொல் வரும்போது நம் ஊர்ப் பஞ்சாலைக்காரர் 'திரும்பக் கூப்பிடுவார்களே' என்று நினைத்துக்கொள்வது இதனால்தான்.

2. ஆட்குறைப்பு. வேலையை விட்டே அனுப்புவது. இங்கே முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு என்பது நெடுநாள் விதி.

3. ஆலை மூடல். இந்தியாவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த ஆலையை மூட அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக உயர்த்தியது. அமெரிக்காவில் அனுமதி என்ற பேச்சே இல்லை. 60 நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற மத்தியச் சட்டம்கூட 1988இல்தான் வந்தது. அதாவது 1986 அறிவிப்புக்கு அந்தச் சட்டமும் பொருந்தவில்லை.

4. தொழில் நசிவு. ஓர் ஆலை மூடுவது நசிவு ஆகாது. ஆலையை நம்பி இருந்த டீக்கடை, தையல் கடை, சைக்கிள் கடை, சீட்டுப் பிடிப்பவர், டியூஷன் வாத்தியார் என்று வருமானச் சங்கிலி கண்ணி கண்ணியாக அறுந்து, கடைசியில் ஊராட்சிக்கே வரி வராமல் போவதுதான் நசிவு.

ஃபிளிண்டில் இந்தக் கடைசிக் கண்ணி மிகக் கொடூரமாக அறுந்தது. நகர நிர்வாகமே உள்ளூர் வருமானத்தின் மீது வரி விதித்து நடக்கும் ஊர் அது. சம்பளம் குறைந்தால் நகரத்தின் பையும் வற்றும். பல ஆண்டுகள் வற்றி, கடைசியில் மாநில அரசு நியமித்த அதிகாரி கையில் நகரம் போனது. 2014 ஏப்ரலில் செலவை மிச்சப்படுத்துவதற்காகக் குடிநீரை ஃபிளிண்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் வீட்டுத் தண்ணீரில் கலந்தது. பின்னால் 60 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கும்படி ஆயிற்று. 1989இல் எடுத்த படத்தில் இது இருக்க வாய்ப்பில்லை; ஆனால் படத்தின் உண்மையான கடைசிக் காட்சி இதுதான்.

நம் பக்கம் அந்தக் கண்ணி அவ்வளவு நேராக மாட்டியிருக்கவில்லை. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டாலும், அதன் வரவு சொத்து வரியையும் மாநில நிதிப் பகிர்வையும் சார்ந்தது. சம்பளக்காரர்களிடம் அது வாங்கும் தொழில் வரி சிறு தொகைதான். ஓர் ஆலை மூடினால் குடும்பம் நொடிக்கும், கடைத்தெரு நொடிக்கும், நகராட்சிக் குழாய் உடனே நின்றுவிடாது. அமெரிக்கா பணக்கார நாடு, ஆகவே அங்கே நசிவு நம்மைவிட மென்மையாக இருக்கும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

'லாபத்தில் இருந்த கம்பெனி ஏன் மூடியது?'

பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ஆண்டுகளில் நட்டத்தில் இல்லை என்பது உண்மை. அப்படியிருந்தும் மூடியதற்குப் பேராசை என்ற ஒரு சொல் போதுமா?

கம்பெனியின் லாபம் வேறு, ஆலையின் லாபம் வேறு. ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு மூன்று கிளை இருந்து, மொத்தத்தில் லாபம் வந்தாலும், தேவகோட்டைக் கிளையில் போட்ட முதல் மதுரைக் கிளையில் போட்டால் இரட்டிப்பாகும் என்று கண்டால் கடையை மாற்றத்தான் பார்ப்பார். நட்டம் வந்தால்தான் மூட வேண்டும் என்பதில்லை. வேறிடத்தில் கூடுதல் லாபம் வரும் என்ற கணக்கே போதும். 1980இல் அமெரிக்கச் சந்தையில் விற்ற கார்களில் சுமார் 46 விழுக்காடு ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள். பத்தாண்டு முடிவில் அது 35 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டது. ஜப்பான் கார்கள் குறைவாகப் பெட்ரோல் குடித்தன, அடிக்கடி ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை. ஆகவே 'ஜப்பான்தான் காரணம்' என்பவரும் பொய் சொல்லவில்லை. உதிரிபாக வேலைகள் கூலி குறைந்த மெக்ஸிகோவுக்குப் போனதும் உண்மை.

சங்கம் கொழுத்தது என்ற வாதம்தான் இடறுகிறது. கூலிச் சுமையால் மூச்சு முட்டும் கம்பெனி பணத்தை எப்படிச் செலவழிக்கும் என்று பார்க்கலாம். 1984இல் ஒரு கணினிச் சேவை நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 1985இல் ஒரு விமான, ஆயுதத் தொழில் நிறுவனத்தை அதைப்போல் இரண்டு மடங்குக்கு வாங்கினார்கள். ஆலைகளில் எந்திர மனிதர்களை இறக்கினார்கள். அவற்றில் பல சொன்னபடி வேலை செய்யவில்லை. 1986 டிசம்பரில், ஆலை மூடல் அறிவிப்பு வந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், தங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நிறுவன இயக்குநர் குழு உறுப்பினர் ராஸ் பெரோவை வெளியேற்ற அவருடைய பங்குகளைச் சுமார் 70 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 11 ஆலைகளை மூடும் நேரத்தில் இப்படி ஒரு செலவா என்று கேட்டவர்களில் பணத்தைப் பெற்றுக்கொண்ட பெரோவே ஒருவர்! கம்பெனியிடம் பணம் இருந்தது. ஃபிளிண்டில் போட மனமில்லை, அவ்வளவுதான்.

வரிசை மாறிய காட்சிகள்

படத்தை நம்பலாமா என்ற சந்தேகம் படம் வந்த ஆண்டிலேயே அமெரிக்க விமர்சகர்களிடம் எழுந்தது. குற்றச்சாட்டு இதுதான்: காட்சிகள் நடந்த வரிசையில் இல்லை.

1. ரொனால்ட் ரீகன் ஃபிளிண்டுக்கு வந்து வேலையிழந்தவர்களுடன் பீட்சா சாப்பிடுகிறார். படத்தின் ஓட்டத்தில் அது 1986 அறிவிப்புக்குப் பின்னால் நடந்ததுபோல் தோன்றும். உண்மையில் அவர் வந்தது 1980இல், அமெரிக்க அதிபர் பதவிக்கு வேட்பாளராக இருந்தபோது.

2. சுற்றுலாப் பயணிகளை இழுக்கக் கார் வரலாற்றைச் சொல்லும் 'ஆட்டோவேர்ல்ட்' என்ற பிரம்மாண்ட உள்ளரங்கு கட்டுகிறார்கள், அது படுத்துவிடுகிறது. இதுவும் ஆலை மூடலுக்கு மருந்துபோல் காட்டப்படுகிறது. அது திறந்தது 1984இல். ஆறே மாதத்தில் மூடிவிட்டார்கள். 1986க்கு முன்பே அதன் கதை முடிந்துவிட்டது.

3. 30,000 என்ற எண்ணிக்கை ஃபிளிண்டில் ஒரே அடியாக விழுந்ததுபோல் மனத்தில் பதிகிறது. அறிவிப்பில் இருந்த ஆலைகள் பல மாநிலங்களில் இருந்தவை. ஃபிளிண்ட் அவ்வளவு வேலைகளை இழந்தது உண்மைதான், ஆனால் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக.

மூர் தரப்பின் பதில், ஒரு நகரத்தின் பத்தாண்டுக் கதையைச் சொல்கிறோம், நாட்குறிப்பு எழுதவில்லை என்பது. விமர்சகர்களிலேயே பாலின் கேல் படத்தைக் கடுமையாகச் சாடினார். ரோஜர் ஈபர்ட் ஆதரித்து எழுதினார்.

எனக்கு இரண்டு பக்கமும் பாதிதான் சரி. தேதி மாற்றியது தவறு. ஆனால் தவறு எங்கே வலிக்கிறது என்பதைச் சாடியவர்கள் சொல்லவில்லை. வரிசையைக் கலைத்ததால், மெல்ல அரித்த நோய் ஒரு மனிதர் ஒரு நாளில் எடுத்த முடிவாக மாறிவிட்டது. உண்மையான வரிசை படத்தில் உள்ளதைவிடப் பயங்கரமானது. 1980இலேயே வேலையிழந்தவர்கள் இருந்தார்கள், 1984இலேயே சுற்றுலாவை நம்பிப் பார்த்தார்கள், அது தோற்ற பிறகும் பெரிய மூடல் இன்னும் வரவேண்டியிருந்தது. கறையான் தூணைத் தின்பதைக் கோடரியால் வெட்டியதாகக் காட்டினால் பார்ப்பவருக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் கறையான் பற்றி ஒன்றும் தெரியாமல் போகும்.

முயல் வளர்க்கும் பெண் பற்றியும் ஒரு சொல். அவர் முயல்களைச் செல்லமாகவும் விற்கிறார், கறிக்காகவும் விற்கிறார். கேமரா முன்னாலேயே ஒன்றை அடித்து உரிக்கிறார். ஏழையைக் கேலிப் பொருளாக்கிவிட்டார் இயக்குநர் என்பது நகரத்துப் பார்வையாளர்களின் பொதுவான வருத்தம். சந்தையில் கோழி அறுப்பதைப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்தவர்களுக்கு அந்தக் காட்சி அதிர்ச்சியே தருவதில்லை. 'பிழைக்கத் தெரிந்த பெண்' என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போகிறார்கள். அவர்கள் முகம் சுளிப்பது வேறு இடத்தில்: பணக்காரர்கள் தோட்ட விருந்து வைத்து, உள்ளூர் ஆட்களைக் கூலிக்குச் சிலையாக நிற்க வைத்திருக்கும் காட்சியில்.

'அப்படியே நம் ஊர்க் கதை'

இனி அந்தக் கடைசி வரி. பூட்டிய வீடுகள், வெறிச்சோடிய தெரு, பிள்ளைகள் எல்லாம் வெளியூர், வாசலில் ஒரு காவல்காரர். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் நடந்து பார்த்தவருக்குத் திரையில் தெரியும் ஃபிளிண்ட் தெரு பழகிய தெருவாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தோற்றம் ஒன்று. காரணம் நேர் எதிர்.

ஃபிளிண்டில் ஆலை ஊருக்குள் இருந்தது. லாபம் வெளியே போனது. செட்டிநாடு ஆலையால் வளர்ந்த ஊர் அல்ல. லாபம் வெளியிலிருந்து வந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் 'கொண்டுவிற்க', அதாவது வட்டித் தொழில் செய்யப், போன இடங்கள் பர்மா, இலங்கை, மலேயா, இந்தோசீனா. மூன்றாண்டுத் தவணையில் முதலாளியின் ஆளாகப் போய், கிட்டங்கி என்ற தொழில் விடுதியில் பெட்டியடி என்ற கணக்கு மேசை போட்டு உட்கார்ந்து, பேரேடு எழுதித் திரும்பியவர்கள் சேர்த்த பணம்தான் இங்கே மாளிகைகளின் முகப்பாகவும் வளவாகவும் இரண்டாங்கட்டாகவும் எழும்பியது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. இந்த மண்ணில் விளைந்தது கொத்தனார் கையும் ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும்.

எனவே இங்கே நடந்ததைத் தொழில் நசிவு என்று சொல்ல முடியாது. வட்டி வரவு நின்றது என்று சொல்லலாம். அது நின்ற வரிசை:

1. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. பர்மாவில் நகரத்தார் முதலீடு 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டிருந்தது. அதில் பெரும்பகுதி நெல் விவசாயத்தை நம்பிக் கொடுத்த கடன்.

2. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு.

3. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், மற்றவர்கள் காட்டு வழியே நடந்தார்கள். நடந்தவர்களில் பலர் வந்து சேரவில்லை.

4. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும் எடுத்துக்கொண்டது. பேரேட்டில் எழுதிய தொகை பேரேட்டிலேயே நின்றுவிட்டது.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்க்க வேண்டும். படத்தில் மூர் எட்ட முடியாத 14ஆம் மாடி, முடிவு எடுக்கும் இடம். அந்த முடிவின் சுமை விழுவது நூறு கிலோமீட்டர் தள்ளி. 1930களில் ஹந்தாவடி மாவட்டத்தில் நிலம் இழந்த பர்மிய விவசாயி ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு தன் நிலம் ஏன் போனது என்று கேட்டுப் புறப்பட்டிருந்தால் எங்கே வந்து நின்றிருப்பார்? முதலில் ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில். அங்கே இருப்பவர், 'நான் சம்பளத்துக்கு இருக்கும் ஏஜெண்டு, முதலாளி ஊரில் இருக்கிறார்' என்றிருப்பார். ஊர் என்றால் தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர். அவருடைய 14ஆம் மாடி நம் வீட்டுக் கூடமான பட்டாலை.

'நம் ஊர்க் கதை' என்று சொல்கிறவர்கள் தங்களை ஃபிளிண்டுக்காரர்களின் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார்கள். கதையின் முதல் பாதியில் இந்த ஊர் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்க நாற்காலியில். இதைச் சொல்வது யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. உள்ளூர்க் கந்துவட்டிக்காரர்களைவிட நகரத்தார் வட்டி குறைவு என்பது அக்கால விசாரணைகளிலேயே பதிவான செய்தி. அவர்களுக்கு நிலத்தின் மேல் ஆசையும் இருக்கவில்லை. பணம் சுழன்றால்தான் அவர்களுக்குத் தொழில், நிலம் என்பது மாட்டிக்கொண்ட பணம். வேண்டாத நிலத்தை வாங்கி, அந்த நிலத்தாலேயே வெறுப்பைச் சம்பாதித்து, கடைசியில் நிலத்தையும் இழந்தார்கள். ஃபிளிண்டுக்கும் செட்டிநாட்டுக்கும் உள்ள உறவை ஒரே வரியில் அடக்க முடியாமல் போவது இதனால்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. கடல் கடந்த தொழிலிலிருந்து முன்கூட்டியே முதலைத் திருப்பியவர்கள் இருந்தார்கள். அந்த முதல் தொழிற்சாலைகளாகவே மாறியது; ஆனால் இங்கே இல்லை. மௌல்மீனில் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தின் சைக்கிள் தொழிற்சாலை 1949இல் சென்னை அம்பத்தூரில் வந்தது. கருமுத்து தியாகராசரின் மீனாட்சி ஆலை மதுரையில். அழகப்பரின் துணி ஆலை கேரளத்துத் திருச்சூர்ப் பக்கம். செட்டிநாடு என்று பெயர் தாங்கிய சிமெண்ட் ஆலைகூடக் கரூர் அருகே புலியூரில்தான் தொடங்கியது. மழை பார்த்த செம்மண் பூமி, ஆற்றுநீர் இல்லை, பருத்திச் சந்தை இல்லை. கணக்குப் பார்ப்பவர்கள் கணக்குப் பார்த்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஃபிளிண்டுக்குப் பார்த்த கணக்கும் அதுவே, ஆனால் அங்கே இருந்த ஆலை போனது, இங்கே வரவேண்டிய ஆலை வரவில்லை. வராத ஆலைக்காக யாரும் ஆவணப்படம் எடுப்பதில்லை.

ஊருக்கு என்று வந்தது பெரும்பாலும் கல்வி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்து, 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஃபிளிண்டில் அப்படியொரு மாற்று வேர் ஆலைகள் நிற்கும்போதே ஊன்றப்பட்டிருந்தால் என்ற கேள்வியை இங்கிருந்து அங்கே கேட்கலாம். இந்த ஒப்பீடு பயனுள்ளது.

ஏற்றத்தாழ்வு குறைந்ததா?

பார்த்தவர்களிடம் வரும் இன்னொரு கருத்து: 'இங்கே பெரிய வீட்டுக்காரர்களும் சரிந்தார்கள், ஆகவே நம் ஊரில் சமத்துவம் வந்துவிட்டது, அமெரிக்காவில்தான் பணக்காரன் பணக்காரனாகவே இருக்கிறான்.'

ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் பத்து வீடு. ஒரு வீட்டின் வருமானம் ஆண்டுக்கு 91 லட்சம், மற்ற ஒன்பது வீட்டுக்கும் தலா 1 லட்சம். மொத்த வருமானத்தில் பெரிய வீட்டின் பங்கு 91 விழுக்காடு. பெரிய வீடு சரிந்து 11 லட்சத்துக்கு வருகிறது. அங்கே சமையல் வேலை பார்த்த ஒருவரின் வருமானம் ஒரு லட்சத்திலிருந்து 50,000 ஆகிறது. இப்போது பெரிய வீட்டின் பங்கு சுமார் 56 விழுக்காடு. ஏற்றத்தாழ்வு கண்கூடாகக் குறைந்துவிட்டது. யாராவது மேலே வந்தார்களா? ஒருவரும் இல்லை, ஒன்பது வீட்டில் ஒருவர் இன்னும் கீழே போயிருக்கிறார்.

வரவு நின்றபோது இந்தப் பகுதியில் முதலில் நொடித்தவர்கள் வீட்டுக்காரர்கள் அல்லர். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுவரைக் கண்ணாடியாக்கிய கொத்தனார், கதவில் யானையும் யாளியும் செதுக்கிய ஆசாரி, கண்டாங்கி நெய்த தறிக்காரர், கல்யாண வீட்டுச் சமையல்காரர். அவர்கள் வீடு பூட்டிக் கிடப்பதில்லை. பூட்டும் அளவுக்கு இல்லை. சுற்றுலாப் படங்களில் அவர்கள் வருவதும் இல்லை.

வருமானமும் சொத்தும் வேறு என்பதும் இங்கேதான் விளங்கும். ஒரு வளவு வீட்டுக்கு முப்பது, நாற்பது புள்ளிகள், அதாவது குடும்பங்கள், பங்காளிகளாக இருக்கலாம். காகிதத்தில் பெரும் சொத்து. ஒருவர் கையில் வருமானம் பூஜ்யம். விற்க வேண்டுமானால் சிங்கப்பூரில் இருப்பவர் முதல் சென்னையில் இருப்பவர் வரை எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வீட்டை விற்க முடியாதபோது தூணை விற்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிலைக்கதவும் பீங்கான் ஜாடியும் எனாமல் தூக்கும் வந்து சேர்வது இப்படித்தான். ஃபிளிண்டில் வெளியேற்றப்பட்டவர்கள் வாடகைக்காரர்கள்: சொத்தும் இல்லை, வருமானமும் போனது. இரண்டையும் வறுமை என்ற ஒரே கூடையில் போடக் கூடாது.

சுற்றுலா காப்பாற்றுமா என்பதற்கு 'ஆட்டோவேர்ல்ட்' காட்சியைக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. அவசரச் சிரிப்பு. அங்கே கட்டியது பழைய ஃபிளிண்டின் பொம்மை. இங்கே இருப்பது அசல். மாளிகைகள் ஹோட்டல்களாகி, அதனால் ஆத்தங்குடிக் கல்லுக்கு மறுபடி ஆர்டர் வந்திருப்பது பொய்யில்லை. ஆனால் ஒரு ஹோட்டல் எத்தனை பேருக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் தருகிறது என்பதுதான் கேள்வி. உலகமெங்கும் செட்டிநாடு என்று பலகை மாட்டிக் கோழி மிளகு வறுவல் விற்கிறார்கள்; அதில் ஒரு ரூபாயாவது இந்தப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை.

காளையார்கோவில்

ஃபிளிண்டோடு நேராக ஒப்பிட வேண்டுமானால் மாளிகைத் தெருவை விட்டுவிட்டுச் சிவகங்கை–தொண்டி சாலைக்கு வர வேண்டும். காளையார்கோவிலில் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் காளீஸ்வரா ஆலை 'பி' பிரிவு இருக்கிறது. பெரிய தொழில்கள் அரிதான மாவட்டத்தில் ஷிப்டுக்குச் சங்கு ஊதிய ஆலை. 2020 மார்ச் ஊரடங்கில் நாடு முழுவதும் கழகத்தின் ஆலைகள் நின்றன. கொரோனா போன பிறகும் அவை பழையபடி ஓடவில்லை. சம்பளம் முழுதாக வராமல், வேலை போய்விட்டது என்று யாரும் சொல்லாமல், ஆலை மூடிவிட்டது என்றும் அறிவிக்காமல் தொழிலாளர்கள் காத்துக் கிடந்தார்கள். தமிழ்நாட்டில் கோவைப் பகுதி ஆலைகளுக்கும் பரமக்குடி அருகே கமுதக்குடி ஆலைக்கும் இதே நிலை.

மேலே சொன்ன நான்கு சொற்களில் இது எது? லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளத்துக்கு விதி இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் இழப்பீட்டுக்கு விதி இருக்கிறது. மூடல் என்றால் அனுமதிக்கு விதி இருக்கிறது. ஆலை நிற்கிறது, ஆனால் எந்தப் பெயரும் சூட்டப்படவில்லை என்றால் தொழிலாளி எந்த விதியைக் காட்டிக் கேட்பார்? ஜெனரல் மோட்டார்ஸில் 11 ஆலை மூடுகிறோம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். திட்டுவதற்கு ஒரு முகம் இருந்தது, அந்த முகத்தைத் தேடிப் படம் எடுக்கவும் முடிந்தது. இங்கே தேடிப் போக ரோஜர் ஸ்மித் இல்லை. முதலாளி அரசு, அரசில் எந்த மாடி என்று தெரியாது.

ஆலை நின்றபின் மிஞ்சுவது நிலம். 2005இல் மும்பையில் இதே கழகம் தன் மூடிய ஆலைகளின் நிலங்களை ஏலம் விட்டபோது ஒரே ஒரு ஆலை நிலம் 700 கோடி ரூபாய்க்கு மேல் போனது. அங்கே இப்போது அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. கோவை நகருக்குள் இருக்கும் ஆலைகளுக்கும் அப்படியொரு விலை சொல்லக்கூடியவர்கள் வருவார்கள். காளையார்கோவில் சென்ட் விலைக்கு யாரும் ஏலத்தில் முட்டிக்கொள்ளப் போவதில்லை. எந்திரங்கள் பழைய இரும்பு விலைக்கு நிறுக்கப்படும் வரை அந்த வாசலில் ஒரு காவல்காரர் இருப்பார். கானாடுகாத்தான் வீட்டு வாசலில் இருப்பவரைப் போலவே.